ஆங்கிலம் வழியாக உலகக் கவிதையைத் தமிழாக்குவது எப்படி

போலந்துக் கவிதையோ துருக்கிக் கவிதையோ கொரியக் கவிதையோ, தமிழில் நாம் வாசிப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பிரம்மராஜன் தொகுத்த ‘சமகால உலகக் கவிதை’, எம்.ஏ. நுஃமான் தந்த ‘பாலஸ்தீனக் கவிதைகள்’, சுகுமாரன் தமிழாக்கிய பாப்லோ நெருதா ஆகியவை இல்லாமல் போயிருந்தால் தமிழ்க் கவிதை வாசிப்பு எவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, இந்த வழியை இரண்டாந்தரமானது என்று ஒதுக்க மனம் வராது. ஆனால் ஆங்கிலப் பிரதியையே மூலமாக எண்ணிக்கொண்டு வரிக்கு வரி தமிழில் எழுதிவிடுவது வேறு. ஆங்கிலம் தன் இலக்கணத்துக்காக எதைச் சேர்த்தது, எதைக் கைவிட்டது என்று விசாரித்துவிட்டு எழுதுவது வேறு. ஆங்கிலம் கைவிட்ட சிலவற்றைத் தமிழால் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை நம்பிக்கை. சேலத்தில் நண்பர்கள் சிலர் கூடிக் கவிதை வாசிக்கும் எங்கள் சிறு வட்டத்தில் பின்பற்றிவரும் முறையை, தமிழும் ஆங்கிலமும் மட்டுமே அறிந்த ஒருவர் தனியாகவும் செய்து பார்க்கக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

கவிதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு இருபது வரிக்கு மேற்படாத கவிதை போதும். அதைவிட முக்கியமானது, அந்தக் கவிதைக்குக் குறைந்தது இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளாவது கிடைக்க வேண்டும் என்பது. ஒரே ஒரு மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால், அதில் எது கவிஞருடையது, எது மொழிபெயர்ப்பாளருடையது என்று பிரித்தறிய வழியே இல்லை. இரண்டு இருந்தால், அவை ஒத்துப்போகும் இடங்களில் ஓரளவு நம்பிக்கையோடு நடக்கலாம். அவை பிரியும் இடங்களில் நின்று விசாரிக்கலாம். 1996இல் நோபல் பரிசு பெற்ற போலந்துக் கவிஞர் விஸ்லவா சிம்போர்ஸ்காவை ஸ்டானிஸ்வாஃப் பரான்சாக்கும் கிளேர் கவானாவும் சேர்ந்து ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். ஜோவான்னா ட்ஸெசியாக் தனியாகச் செய்திருக்கிறார். இவர்களுக்கு முன்பே மாக்னஸ் கிரின்ஸ்கியும் ராபர்ட் மக்வயரும் செய்த தொகுப்பும் உண்டு. 2011இல் அதே பரிசைப் பெற்ற ஸ்வீடன் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு ராபின் ஃபுல்டன், ராபர்ட் பிளை எனப் பலர் இருக்கிறார்கள். இவர்களுள் ஃபுல்டன் மூலத்தின் சொற்களை ஒட்டியே நடப்பவர். ராபின் ராபர்ட்சனோ தாம் செய்தவற்றை மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் தம்முடைய ‘வடிவங்கள்’ என்றே வெளியிட்டார். இரண்டாம் வகை ஆங்கிலப் பிரதி வாசிக்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும், தமிழாக்கத்துக்கு அதை மட்டும் அடித்தளமாகக் கொள்ளக் கூடாது. ஒட்டி நடக்கும் பிரதியை வலப்பக்கமும் சுதந்திரமான பிரதியை இடப்பக்கமும் வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

மொழி தெரியாவிட்டாலும் மூலப் பிரதி கட்டாயம் வேண்டும். போலிஷ், ஸ்பானிஷ், துருக்கி, இந்தோனேசியம் போன்றவை ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், பொருள் விளங்காவிட்டாலும் வரிகளின் நீளம், பத்திப் பிரிவு, நிறுத்தக்குறிகள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், வரி முடிவில் ஒலிக்கும் இயைபு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூலத்தில் ஐந்து முறை வரும் ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சொற்களாகச் சிதறியிருப்பதைக் கண்டுபிடிக்க அந்த மொழியில் பட்டம் பெற்றிருக்கத் தேவையில்லை. பென்சிலால் அடிக்கோடிட்டாலே போதும். மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே கிடைக்கும் இடங்களில் இரண்டை முதலில் சொல்வேன். ராட்டர்டாம் நகரில் 1970 முதல் நடந்துவரும் சர்வதேசக் கவிதை விழாவின் இணையத் தொகுப்பு ஒன்று. பெர்லினிலிருந்து 1999இல் தொடங்கப்பட்ட ‘லிரிக்லைன்’ தளம் மற்றொன்று. இதில் கவிஞர்கள் தங்கள் மொழியில், தங்கள் குரலிலேயே வாசித்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. எழுதத் தொடங்குவதற்கு முன் அந்தக் குரலைப் பலமுறை கேளுங்கள். கவிஞர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே வேகமெடுக்கிறார் என்பது ஆங்கிலப் பக்கத்தில் அச்சாவதில்லை.

வேலைத்தாள்

கடைகளில் கணக்கெழுதப் பயன்படும் நீள நோட்டு ஒன்றை வாங்கி, கவிதையின் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து அடுக்குகள் ஒதுக்குங்கள். மேலே மூல வரி. அதன் கீழ் அகராதியைப் பார்த்து எழுதிய சொல்லுக்குச் சொல் பொருள். பிறகு இரண்டு ஆங்கில வரிகள். கடைசி அடுக்கு தமிழுக்காகக் காலியாக இருக்கட்டும். கைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியை இந்த இரண்டாம் அடுக்குக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதுவும் ஒவ்வொரு சொல்லாக இட்டுப் பார்க்க வேண்டுமே தவிர, முழு வரியைக் கொடுத்து விடை வாங்கக் கூடாது. இந்தத் தாளை நிரப்புவது சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு எழுதிய தமிழாக்கத்தில் அந்தக் குறை எப்படியும் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் சேர்த்ததும் ஆங்கிலம் இழந்ததும்

முதலில் ‘ஒரு’. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ’, ‘தி’ போன்ற சுட்டு இடைச்சொல் இல்லாமல் பெரும்பாலும் எழுத முடியாது. போலிஷ், ரஷ்ய மொழிகளில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே சிம்போர்ஸ்காவின் ஆங்கிலப் பிரதியில் தென்படும் அந்த இடைச்சொற்கள் அனைத்தும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இலக்கணக் கட்டாயத்தால் சேர்த்தவை. அவற்றை ‘ஒரு கல்’, ‘ஒரு வானம்’, ‘அந்த மேசை’ என்று தமிழில் எழுதிக்கொண்டே போனால், மூலத்தில் இல்லாததும் தமிழுக்குத் தேவைப்படாததுமான ஒன்றை இடையில் நிற்கும் மொழிக்காக நாம் சுமக்கிறோம் என்றாகும். முதல் வரைவு முடிந்ததும் எல்லா ‘ஒரு’வையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் நீக்கி வாசித்துப் பாருங்கள். பெரும்பாலானவை போனபின் வரி நிமிர்ந்து நிற்கும். எண்ணிக்கையை உண்மையாகவே குறிக்கும் ‘ஒரு’ மட்டும் மிஞ்சட்டும்.

அடுத்து முன்னிலை. ஸ்பானிஷ், ரஷ்யம், துருக்கி முதலான மொழிகளில் நெருக்கமானவரை விளிக்க ஒரு சொல்லும் மரியாதைக்குரியவரை விளிக்க வேறொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கொரிய மொழியில் வினைமுற்றின் முடிவே பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான படிநிலையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அதற்கும் இடமில்லை. நம்மிடம் ‘நீ’யும் ‘நீங்கள்’உம் இருக்கின்றன. கவிதையில் வரும் முன்னிலைச் சொல்லை மூலத்தில் பார்த்து, அகராதியில் அதன் வகையை உறுதிசெய்துவிட்டால், ஆங்கில வாசகருக்குக் கிடைக்காத ஓர் உறவு நிலை தமிழ் வாசகருக்குக் கிடைத்துவிடும். எதிர்த்திசையிலும் இழப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது. அரபு மொழியின் ‘நீ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வடிவம் உடையது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதையில் விளிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பது மூலத்தில் வெளிப்படையாகவே தெரியும். தமிழின் ‘நீ’ அதைச் சொல்லாது. துருக்கியிலும் பாரசீகத்திலும் படர்க்கைச் சுட்டுப்பெயரில் பால் வேறுபாடு இல்லை. அங்கே கவிஞர் மறைத்து வைத்ததை ‘வந்தான்’ என்றோ ‘வந்தாள்’ என்றோ தமிழ் உடைத்துக் காட்டிவிடும். ‘வந்தார்’ என்றால் கேட்காத மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தகைய இடங்களில் வினைமுற்றைத் தள்ளிப்போட்டு எச்சங்களால் வரியை நடத்துவதே நான் கண்ட நல்ல வழி.

தன்மைப் பன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’, கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு ஐரோப்பிய மொழிகளில் அநேகமாக இல்லை. அவற்றிலிருந்து வரும் கவிதையில் இரண்டில் ஒன்றைத் தமிழாக்குபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானம் சில வேளைகளில் கவிதையின் அரசியலையே தீர்மானித்துவிடும். ஆனால் இந்தோனேசிய மொழியில் இதே வேறுபாடு ‘கித்தா’, ‘காமி’ என்று இருக்கிறது. மலாய் மொழியிலும் அப்படியே என்பதால் மலேசியத் தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். 1949இல் இளம்வயதிலேயே மறைந்த இந்தோனேசியக் கவிஞர் கைரில் அன்வர் எழுதிய ‘கரவாங்-பெகாசி’ என்ற கவிதையில், விடுதலைப் போரில் இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் பேசுகிறார்கள். முதல் வரியின் முதற்சொல்லே ‘காமி’. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்தச் சொல் எல்லோரையும் தழுவிக்கொள்ளும் பன்மையாகவே ஒலிக்கும். மூலத்திலோ இறந்தவர்களுக்கும் நமக்கும் நடுவே முதல் அசையிலேயே கோடு விழுந்துவிடுகிறது. அமெரிக்கக் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷின் கவிதை ஒன்றைத் தழுவியே அன்வர் இதை எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். ஆங்கிலத்தில் இல்லாத அந்தக் கோட்டை அன்வருக்கு அவருடைய மொழி கொடுத்தது. இந்தக் கவிதையின் தொடக்கத்தை எங்கள் வட்டத்தில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இருமுறை வாசித்தபோது, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தோழி ஒருவர், “நாங்கள்னு சொல்றப்பதானுங்க அவங்க செத்துட்டாங்கன்னு உறைக்குது” என்றார். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

வரிகளின் வரிசை

தமிழாக்கத்தில் அதிகம் கெடுவது இதுதான். ஆங்கிலத்தில் வினை முன்னே வந்துவிடும். விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். கவிஞர் தம் வலுவான படிமத்தைக் கடைசி வரிக்கென்று வைத்திருப்பார். தமிழ் வாக்கியத்தின் இயல்போ விவரங்களை முன்னே அடுக்கி வினையைக் கடைசியில் வைப்பது. விளக்கத்துக்காக நானே மூன்று வரிகளைக் கட்டிப் பார்க்கிறேன். ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள் என்பது முதல் வரி. குளிர்காலம் முழுவதும் அது கிடந்தது என்பது இரண்டாம் வரி. இறந்தவரின் தொப்பிக்கு அடியில் என்பது மூன்றாம் வரி. இதை இயல்பான தமிழ் வாக்கியமாக எழுதினால் இப்படி வரும்:

இறந்தவரின் தொப்பிக்கு அடியில்
குளிர்காலம் முழுவதும் கிடந்த கடிதத்தை
அவள் பிரித்தாள்.

இலக்கணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில் தெரியவேண்டிய மரணம் முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. கடைசி வரியில் சும்மா ஒரு செயல் மட்டும் மிஞ்சியது. இதையே இப்படி எழுதலாம்:

அவள் பிரித்தாள் அந்தக் கடிதத்தை.
குளிர்காலம் முழுவதும் கிடந்தது அது,
இறந்தவரின் தொப்பிக்கு அடியில்.

ஒரு வாக்கியம் இரண்டாகியிருக்கிறது. எழுவாயும் பயனிலையும் இடம் மாறியிருக்கின்றன. இது தமிழே அல்ல, ஆங்கில நடை என்று சிலர் சொல்வதுண்டு. செய்யுளில் சொற்கள் நிற்கும் வரிசையும் பொருள் கொள்ளும் வரிசையும் வேறுபடலாம் என்பதை நம் இலக்கணம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆற்றுநீர், மொழிமாற்று, விற்பூட்டு, கொண்டுகூட்டு என்றெல்லாம் நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளைப் பட்டியலிட்டுத் தருகிறது. பேச்சிலும் ‘வந்துட்டான் பாரு, மழையில நனைஞ்சுக்கிட்டு’ என்று வினையை முன்னே போட்டுத்தானே நாம் அன்றாடம் பேசுகிறோம்? ஆனால் வரிக்கு வரி இப்படித் திருப்பிப் போட்டால் கவிதை திணற ஆரம்பித்துவிடும். கடைசிப் படிமம் கடைசியில்தான் வெடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடத்தில் மட்டும் இதைக் கையாளுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலைமை ஒன்றும் உண்டு. துருக்கி, கொரியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். துருக்கிக் கவிஞர் நாஜிம் ஹிக்மத்தின் கவிதையோ, ‘மரணத்தின் தன்வரலாறு’ எனப் பொருள்படும் தலைப்பில் வந்த தொகுப்புக்காக 2019இல் கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசைத் தம் மொழிபெயர்ப்பாளர் டான் மீ சோயுடன் பெற்ற கொரியக் கவிஞர் கிம் ஹேசூனின் கவிதையோ ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வரிசை தலைகீழாகிறது. நாம் ஆங்கிலத்தின் வரிசையை விசுவாசமாகப் பின்பற்றித் தமிழை வளைத்தால், மூலத்துக்கு இயல்பாகவே நெருக்கமாக இருந்த தமிழை வீணாகத் தள்ளிக்கொண்டு போகிறோம். இத்தகைய கவிதைகளில் முதலில் தமிழின் இயல்பான வரிசையில் எழுதி, அதை மூல வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல இடங்களில் இரண்டும் தாமாகவே பொருந்திவருவதைக் காண்பது பெரிய மகிழ்ச்சி.

எந்தத் தமிழில் எழுதுவது

மொழிபெயர்ப்புக் கவிதைக்கென்றே தமிழில் ஒரு நடை உருவாகிவிட்டது. மௌனம், வெளி, பிரபஞ்சம், நிழல், சிறகு, பிரக்ஞை முதலிய சொற்கள் அதில் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்த நடையில் எழுதினால் போலந்துக்காரரும் சிலிக்காரரும் கொரியரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். சிம்போர்ஸ்கா சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல எளிமையாகத் தொடங்குபவர்; அவருடைய சிந்தனையின் ஆழம் அந்த எளிமைக்குள்ளேயே இருக்கிறது. அவரைக் கனமான சொற்களில் தமிழாக்கினால், பொருள் அப்படியே இருந்தாலும் அவர் அங்கே இருக்க மாட்டார். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி கடுமையானது: எளிதில் வரும் இருபது முப்பது சொற்களை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, மூலம் கட்டாயப்படுத்தினால் ஒழிய அவற்றைத் தொடுவதில்லை என்று முடிவெடுங்கள்.

முழுப் பேச்சுவழக்கும் இதற்கு விடையாகாது. சேலத்துப் பேச்சில் எழுதினால் கிராக்கோ நகரத்துக் கவிஞர் செவ்வாய்ப்பேட்டைக்காரராகிவிடுவார். எழுத்துத் தமிழின் வடிவத்தில், பேச்சின் வாக்கிய நீளத்தில் எழுதுவதே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

மரம், செடி, உணவு, தெருப் பெயர்களை மாற்றாதீர்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. காபித் தோட்டங்களில் நிழலுக்கென நட்டு, மிளகுக் கொடி ஏற்றிவிட்டிருக்கும் சில்வர் ஓக் மரம், பெயரில் ஓக் இருந்தாலும் ஐரோப்பியக் கவிதைகளில் வரும் ஓக் அன்று. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம். வடக்கு ஐரோப்பாவின் ஓக் இலையுதிர்காலத்தில் மொட்டையாகும், கொட்டைகளை உதிர்க்கும், நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கவிதையில் ‘ஓக்’ என்றே எழுதலாம். ஆனால் எழுதும்போது உங்கள் மனக்கண்ணில் தோட்டத்து மரம் நின்றால், அடுத்து வரும் வினைச்சொற்கள் தவறிப்போகும். அதற்காக ஓக்கை ஆலமரமாக்குவது இன்னும் பெரிய தவறு.

உரக்க வாசித்துச் சோதித்தல்

வரைவு முடிந்ததும் சில நாள் மூடி வைத்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் உரக்க வாசியுங்கள். அடுத்து அதைப் பிறர் முன் வாசிக்க வேண்டும். நால்வர் இருந்தால் போதும். பூங்கா, மாடித் திண்ணை, நூலக வாசிப்பறை என எந்த இடமும் சரிதான். கவிஞர் பெயரையும் நாட்டையும் முதலில் சொல்லாமல் வாசியுங்கள், ஏனென்றால் நோபல் பரிசு என்ற பேச்சு காதில் விழுந்துவிட்டால் புரியாத வரியையும் மக்கள் ஆழமானது என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கேட்பவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். எந்த வரியில் தடுக்கியது, எந்த வரியில் மீண்டும் முதலிலிருந்து கேட்கத் தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். தடுக்கிய இடத்தை வேலைத்தாளில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலமே அங்கே தடுக்கினால் அந்தக் கரடு இருக்கட்டும். மூலம் அங்கே சரளமாக ஓடினால் குறை நம்முடையது.

ஆண்டில் ஒருமுறையாவது முழுநாள் அமர்வு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய்விடலாம். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும், கூட்டம் நெரியும் என்பதால் அந்த மாதத்தையும் விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒரே கவிதையை மூவர் தனித்தனியே தமிழாக்கி வந்து, காலை முழுவதும் வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு இத்தகைய நாள் மிகவும் பயன்படும்.

உரிமையும் பெயரும்

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான படைப்புக்கு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1963இல் மறைந்த ஹிக்மத் தம் வாழ்நாளில் வெளியிட்ட கவிதைகள் 2024 முதல் இங்கே விடுபட்டுவிட்டன. பிற நாடுகளில் இந்தக் காலக்கெடு வேறுபடும். 2008இல் மறைந்த தர்வீஷ், 2012இல் மறைந்த சிம்போர்ஸ்கா, 2015இல் மறைந்த டிரான்ஸ்ட்ரோமர் ஆகியோருக்கு உரிமை இன்னும் நெடுங்காலம் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கும் தம் மொழிபெயர்ப்பின்மீது தனி உரிமை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூலம் விடுபட்டிருந்தாலும், ஆங்கிலப் பிரதியை அடியொற்றித் தமிழாக்கினால் அவருடைய அனுமதியும் தேவை. அச்சில் வெளியிடும் முன்பும் இணையத்தில் இடும் முன்பும் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தக் கவிதை, எந்த இதழ், எத்தனை படிகள், விற்பனைக்கா இலவசமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

கவிதையின் கீழே கவிஞர் பெயர், மூல மொழி, நீங்கள் துணைகொண்ட ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அனைவரின் பெயர்கள், கடைசியாக உங்கள் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். ‘ஆங்கிலம் வழி’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். வேலைத்தாளையும் எறிந்துவிட வேண்டாம்: போலிஷோ துருக்கியோ நேரடியாகக் கற்ற தமிழர் ஒருவர் நாளை அதே கவிதையை எடுக்கும்போது, எந்த வரியில் எதை அனுமானித்தீர்கள் என்பது அவருக்குத் தேவைப்படும்.